அப்பா என் பெயரில் கடை நடத்துகிறார்: கொழும்பில் சட்டப்படி எப்படி வெளியே வருவது?

கேள்வி சுருக்கமாக இது: கேட்பவருக்கு 26 வயது. வீடு வெள்ளவத்தையில், தனியார் நிறுவனமொன்றில் மாதச் சம்பள வேலை. 19 வயதில் அப்பா நீட்டிய படிவங்களில் கையொப்பமிட்டிருக்கிறார். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் அப்பா நடத்தும் மொத்த விற்பனைக் கடை அன்றிலிருந்து இவர் பெயரில் இருக்கிறது. காசோலைப் புத்தகம் அப்பாவின் மேசையில். இப்போது வங்கியிலிருந்து கடன் நிலுவைக் கடிதம் வந்திருக்கிறது. சில பத்திரங்களில் உள்ள கையொப்பம் தன்னுடையதல்ல என்று சந்தேகிக்கிறார். கேட்டால், "எல்லாம் நான் பாக்கிறன், நீ பேசாம இரு" என்பதுதான் பதில். அப்பாவைப் பொலிஸில் மாட்டிவிடாமல் இதிலிருந்து வெளியே வரலாமா?

வரலாம். ஆனால் கதவை மெல்லச் சாத்திவிட்டு வருவது போல வர முடியாது. "இன்ன திகதியோடு நான் விலகினேன்" என்பதற்கு அரசாங்கப் பதிவேட்டிலும் வங்கியிலும் எழுத்து இருக்க வேண்டும். குடும்பத்துக்குள் "இனி உன்னுடைய பெயரைப் பாவிக்க மாட்டன்" என்று அப்பா சத்தியம் செய்து கொடுத்தாலும், பதிவேட்டில் பெயர் கிடக்கும் வரை நாளை வரும் கடனும் உங்களுடையதுதான்.

ஏன் அப்படி? தனிநபர் வியாபாரத்துக்குச் சட்டத்தில் தனி உடம்பு கிடையாது. வழக்குப் போடுபவர் "இன்ன ட்ரேடர்ஸ் என்ற பெயரில் வியாபாரம் செய்யும் இன்னார்" என்றுதான் வழக்கேட்டில் எழுதுவார். அந்த இன்னார் நீங்கள். கல்லாவில் யார் உட்கார்ந்தார், இலாபத்தை யார் எடுத்தார் என்பது உங்களுக்கும் அப்பாவுக்கும் இடையிலான கணக்கு. சரக்குக் கொடுத்தவருக்கும் வங்கிக்கும் அது பொருட்டில்லை. கடைக் கடனுக்காக உங்கள் சம்பளக் கணக்கில் உள்ள பணத்தின் மீதும், பின்னாளில் நீங்கள் வாங்கும் வீட்டின் மீதும் தீர்ப்பை நிறைவேற்றலாம்.

ஆகவே முதலில் அறிய வேண்டியது, உங்கள் பெயர் எந்த வடிவத்தில் கிடக்கிறது என்பதை. தனிநபர் வியாபாரம், கூட்டு வியாபாரம், கம்பனி ஆகிய மூன்றுக்கும் வெளியேறும் வழி வேறு வேறு. முதல் இரண்டும் பிரதேச செயலகத்தில் பதிவாகியிருக்கும். வீட்டு விலாசத்தை அல்ல, கடை இருக்கும் இடத்தைப் பாருங்கள். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைக் கடைகளுக்குக் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் உள்ளவற்றுக்குத் திம்பிரிகஸ்யாய. பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் பெயர், ஆரம்பத் திகதி, வியாபாரத்தின் தன்மை எல்லாம் இருக்கும். கம்பனி என்றால் கம்பனிப் பதிவாளர் நாயகத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். கோப்பின் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். அலுவலகம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில், சமாகம் மெதுரவில் இருக்கிறது.

இதோடு சேர்த்து, அப்பாவிடம் வாய் திறப்பதற்கு முன்பே, இலங்கைக் கடன் தகவல் பணியகத்திலிருந்து உங்கள் சொந்த அறிக்கையை எடுங்கள். ஆட்கள் கிரிப் ரிப்போர்ட் என்பது இதைத்தான். உங்கள் பெயரில் உள்ள கடன், லீசிங், கடனட்டை மட்டுமல்ல, நீங்கள் பிணை நின்றதாகக் காட்டப்படும் கடன்களும் அதில் வரும். பலருக்கு அங்கேதான் இரண்டாவது, மூன்றாவது கடன் இருப்பது தெரிய வருகிறது. அடுத்து வங்கிக்கு நேரில் போய், கணக்குத் திறந்த படிவம், கையொப்ப அட்டை, கணக்கை இயக்க வேறு யாருக்காவது கொடுத்த அதிகாரக் கடிதம், கடன் ஒப்பந்தம், பிணைப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை எழுத்தில் கேளுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் கேட்கும் உரிமை உங்களுக்கே உண்டு. கடிதத்தின் இரண்டாவது பிரதியில் வங்கியின் திகதி முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை பிறகு மிகவும் பயன்படும்.

பிரதிகள் கைக்கு வந்ததும் அவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். இந்தப் பிரிப்பில் பொய் வந்துவிட்டால் முழு விடயமும் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

முதல் குவியல், நீங்களே கையொப்பமிட்டவை. வாசிக்காமல் போட்டிருந்தாலும், அப்பா சொன்னதால் போட்டிருந்தாலும், அவை பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்தும். 18 வயதுக்கு முன் போட்டிருந்தால் கதை வேறு. 1989 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் இலங்கையில் பராயமடையும் வயது 18. அதற்குக் குறைந்தவரின் ஒப்பந்தத்தை எதிர்க்க வலுவான வாதம் உண்டு, 18 வயதுக்குக் குறைந்தவர் கம்பனிப் பணிப்பாளராகவும் இருக்க முடியாது. ஆனால் 18 ஆன பிறகும் அதே வியாபாரத்தைத் தொடர விட்டிருந்தால் அந்த வாதம் மெலிந்துவிடும். கேட்பவருக்கு அப்போது 19 என்பதால் இந்த வழி அடைபட்டிருக்கிறது.

இரண்டாவது குவியல், வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ போட்டுக் கொடுத்த கையொப்பங்கள். புறக்கோட்டையில் இது சர்வ சாதாரணம். ஆபத்தும் இதில்தான் அதிகம். காசோலை, உண்டியல் போன்றவற்றுக்கான 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்தின்படி, கையொப்பமிட்ட வெற்றுப் பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்தால், அதை நிரப்பும் அதிகாரத்தையும் கொடுத்ததாகவே முதற்பார்வையில் கொள்ளப்படும். "தொகையை நான் எழுதவில்லை" என்பது நல்லெண்ணத்துடன் காசோலையை வாங்கிய வியாபாரிக்கு எதிராகப் பெரும்பாலும் எடுபடாது.

மூன்றாவது, உங்கள் கையொப்பமே அல்லாதவை. போலிக் கையொப்பத்துக்கு அதே சட்டத்தின் 24 ஆம் பிரிவின்படி வலு இல்லை. ஆனால் தெரிந்த பிறகு மௌனமாக இருந்தால் அந்தப் பாதுகாப்பையே இழக்க நேரிடும். இங்கிலாந்தில் 1930களில் தீர்க்கப்பட்ட கிறீன்வுட் எதிர் மார்ட்டின்ஸ் வங்கி வழக்கில், மனைவி தன் கையொப்பத்தைப் போலியாகப் போட்டுப் பணம் எடுப்பது தெரிந்தும் கணவர் வங்கிக்குச் சொல்லவில்லை. பிறகு வழக்காடியபோது, அந்த மௌனமே அவருக்கு எதிராக நின்று அவர் தோற்றார். நமது மாற்றுண்டியல் சட்டம் ஆங்கிலச் சட்டத்தின் வார்ப்பு என்பதால் இந்த வாதம் இங்கும் வரும். குடும்பத்தவர் செய்த போலிக் கையொப்பத்தைப் பொறுத்துப் போவதற்கு இப்படி ஒரு விலை இருப்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து நாட்களை எண்ணுவார்கள்.

பயத்தில் முதல் குவியலை மூன்றாவதில் போட்டுவிடாதீர்கள். உங்கள் கையொப்பத்தை "என்னுடையதல்ல" என்று சத்தியக் கடதாசியில் எழுதினால், கையெழுத்துப் பரிசோதனையில் அது வெளிப்படும்போது குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். உண்மையான போலிக் கையொப்பங்களையும் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது, புதிய கடன் பிறப்பதை நிறுத்துவது. பலர் இங்கே அவசரப்பட்டுக் கணக்கை மூடிவிடுகிறார்கள். அது பிழை. மொத்த வியாபாரத்தில் இரண்டு மூன்று மாதம் தள்ளித் திகதியிட்ட காசோலைகள் எப்போதும் வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும். கணக்கை மூடினால் அவை ஒவ்வொன்றாகத் திரும்பும், திரும்புவது உங்கள் பெயரில். பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் 25 ஆம் பிரிவின் கீழ் குற்றம். சிறைத்தண்டனை வரை போகக்கூடியது. அதனால் இந்த ஒழுங்கில் போங்கள்: மீதமுள்ள வெற்றுக் காசோலைத் தாள்களைக் கைப்பற்றுங்கள், கிடைக்காதவற்றின் இலக்கங்களை எழுதி, அவற்றுக்குக் கொடுப்பனவை நிறுத்தும்படி வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள், அப்பாவுக்குக் கொடுத்திருந்த இயக்கும் அதிகாரத்தை இரத்துச் செய்யுங்கள், புதிய காசோலைப் புத்தகமும் மேலதிகப் பற்றும் (ஓவர்டிராஃப்ட்) வழங்க வேண்டாம் என்று எழுதுங்கள். வெளியில் உள்ள காசோலைகளின் பட்டியலை அப்பாவிடமிருந்து வாங்கி, அவை தீரும்வரை கணக்கைப் பணத்தோடு வைத்திருந்து, கடைசிக் காசோலை தீர்ந்த பிறகு மூடுங்கள். கடையில் உள்ள அட்டை இயந்திரமும் லங்கா கியூஆர் கொடுப்பனவும் உங்கள் கணக்கோடு இணைந்திருந்தால் அவற்றையும் நிறுத்த வேண்டும். பணம் வரும் வழிதானே என்று விட்டால், அந்த வரவு முழுவதும் வரித் திணைக்களத்தின் கண்ணில் உங்கள் வருமானம்.

அப்பாவுக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தால் அதை நொத்தாரிசு மூலம் இரத்துச் செய்து, இரத்தையும் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவு செய்யுங்கள். வாய்ச் சொல்லில் இரத்துச் செய்தால், அதை அறியாமல் அப்பாவோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர் உங்களைப் பிடிப்பார்.

இனிப் பதிவு. தனிநபர் வியாபாரத்தில் "உரிமையாளர் பெயரை மாற்றித் தாருங்கள்" என்று கேட்பதை விட, உங்கள் பதிவை முடிவுறுத்தி, அப்பா தன் பெயரில் புதிதாகப் பதிவு செய்வதே சுத்தமான வழி. உங்கள் பொறுப்பு எந்த நாளில் நின்றது என்பது அப்போது தெளிவாக இருக்கும். மூலச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வியாபாரம் நிறுத்தப்பட்ட திகதியைக் கூறும் விண்ணப்பம் ஆகியவற்றோடு போங்கள். சான்றிதழை அப்பா தர மறுத்தால், அது உங்கள் கையில் இல்லை என்பதைப் பொலிஸில் பதிந்து அந்தப் பிரதியை இணையுங்கள். அடையாள அட்டையையே வீட்டில் பிடித்து வைத்திருந்தால் ஆட்பதிவுத் திணைக்களத்தில் இணைப்பிரதி எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் வேலை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மாநகர சபை வியாபார உரிமம், கடைக் குத்தகை ஒப்பந்தம், மின்கட்டணக் கணக்கு எல்லாம் தனித்தனியே கிடக்கும். குத்தகை முக்கியம்; மாத வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். சரக்குக் கொடுப்பவர்களுக்கும் "இன்ன திகதியிலிருந்து இந்த வியாபாரத்துடன் எனக்குத் தொடர்பில்லை" என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

கூட்டு வியாபாரமாக இருந்தால் இந்தக் கடிதம் இன்னும் அவசியம். பங்காளித்துவத்தில் நம்மிடம் செல்வது ஆங்கிலச் சட்டம். விலகிய பங்காளி, விலகும் முன் ஏற்பட்ட கடனுக்குத் தொடர்ந்து பொறுப்பு. விலகல் அறிவிக்கப்படாத பழைய வாடிக்கையாளருக்கு, விலகிய பின் ஏற்பட்ட கடனுக்கும் பொறுப்பாகலாம்.

கம்பனி என்றால் நிலைமை ஓரளவு நல்லது, ஏனென்றால் கடன் கம்பனியுடையது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 207 ஆம் பிரிவின்படி, கையொப்பமிட்ட இராஜினாமாக் கடிதத்தைக் கம்பனியின் பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்தால் பணிப்பாளர் பதவி முடிகிறது. அப்பாவின் ஒப்புதல் தேவையில்லை. நீங்கள் ஒரே பணிப்பாளர் என்றால் மட்டும், புதியவரை நியமிக்கப் பங்குதாரர் கூட்டத்தைக் கூட்டாமல் விலக முடியாது. மாற்றத்தைக் கம்பனி 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20 மூலம் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். கம்பனிச் செயலாளர் அதை அனுப்பாமல் இழுத்தடித்தால், இராஜினாமாக் கடிதத்தையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் இணைத்து நீங்களே பதிவாளருக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பங்குகள் உங்கள் பெயரில் இருந்தால் அவற்றைத் தனியே மாற்ற வேண்டும். பணிப்பாளர் விலகலோடு பங்கு போகாது. கம்பனிக் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட பிணை கொடுத்திருந்தால் அதுவும் இராஜினாமாவோடு போகாது. வங்கிகள் சிறிய கம்பனிகளிடம் ஏறக்குறைய எப்போதும் இந்தப் பிணையை வாங்குகின்றன. இனி வழங்கும் கடனுக்குப் பிணை நிற்க மாட்டேன் என்று வங்கிக்கு எழுதினால், பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்து, அந்த நாளோடு உங்கள் சுமையை வரையறுக்கலாம்.

வரி விடயத்தில் மறைப்பது மிக மோசமான தெரிவு. மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வரி விபரத்திரட்டு (ரிட்டர்ன்) கொடுக்க வேண்டியது அடுத்து வரும் நவம்பர் 30 க்குள். 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விடுவிப்பு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா, அதற்கு மேல் 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை. உங்கள் சம்பளமே அந்த விடுவிப்பைத் தின்றுவிட்டால், கடை இலாபம் முழுவதும் அதற்கு மேல் அடுக்கப்படும். வரி செலுத்துநர் இலக்கத்தின் கீழ் கடை பதிவாகியிருக்கிறதா, பெறுமதி சேர் வரிக்குப் பதிவுண்டா, விபரத்திரட்டுகளில் யார் கையொப்பமிட்டது என்பதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பாருங்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் வரி தெரிந்த கணக்காளர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்வேன். தாமாகவே முன்வந்து திருத்துபவரின் நிலையும், பிடிபட்ட பின் விளக்கம் சொல்பவரின் நிலையும் ஒன்றல்ல.

ஊழியர் சேமலாப நிதியையும் ஊழியர் நம்பிக்கை நிதியையும் யாரும் முதலில் நினைப்பதில்லை. கடையில் ஐந்து பேர் வேலை செய்தால் சட்டப்படி அவர்களின் தொழில்தருநர் நீங்கள். தொழிலாளியிடமிருந்து 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம், அதன் மேல் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். சேமலாப நிதிக்குக் கட்டாமல் விட்டதற்கு மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டினால் 50 வீதமாகிறது. தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்தில் சான்றுப்பத்திரம் தாக்கல் செய்து தண்டப்பணம் போல அறவிடும், கட்டாவிட்டால் சிறை. இங்கே "கடை அப்பாவுடையது" என்ற பதில் நிற்காது. அது அந்த ஊழியர்களின் பணம் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய நிலுவையைத் தீர்க்கும்போது இதை முதலில் வைப்பது நியாயம்.

பழைய கடன்களுக்கு வருவோம். அப்பா "எல்லாக் கடனும் என்னுடையது" என்று எழுதித் தருவது நல்லதே, வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கட்ட நேர்ந்ததை அவரிடமிருந்து மீட்க அது ஆதாரம். ஆனால் வங்கியை அது கட்டுப்படுத்தாது. வங்கியையும் சேர்த்து, உங்களை விடுவித்து அப்பாவைக் கடனாளியாக்கும் புதிய ஒப்பந்தம் வந்தால்தான் உங்கள் பெயர் நீங்கும். அப்பாவின் கிரிப் அறிக்கை கெட்டிருப்பதால்தான் உங்கள் பெயரே பாவிக்கப்பட்டிருக்கும் என்றால், வங்கி இதற்கு இலகுவில் உடன்படாது. பகுதியைக் கட்டி, சொத்து ஒன்றை ஈடாக வைத்து, மீதியைத் தவணையாக்கிப் பேச வேண்டியிருக்கும்.

அப்பா மறுத்தால்? சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் முதல் படி. பேச இடமிருந்தால் மத்தியஸ்த சபை; அங்கே சட்டத்தரணிகள் தோன்றாமல் குடும்பமாக உட்கார்ந்து தீர்க்கலாம், உடன்பாடு எழுத்தில் வரும். அதற்கும் வராவிட்டால் புதுக்கடையில் உள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில், உங்கள் பெயரைப் பாவிப்பதைத் தடுக்கும் தடையுத்தரவும், நடத்திய காலத்துக்கான கணக்கு ஒப்புவிப்பும் கேட்டு வழக்கிடலாம். இது குடியியல் வழக்கு. இதனால் அப்பா சிறை போக மாட்டார். மிரட்டல், அடி, அடையாள அட்டையைப் பறித்தல் வரை போனால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெற்றோருக்கு எதிராகவும் அது கிடைக்கும். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

பொலிஸ் முறைப்பாடு பற்றி நேராகச் சொல்கிறேன். போலிக் கையொப்பம் தண்டனைச் சட்டக்கோவையின் 454 ஆம் பிரிவிலும், போலிப் பத்திரத்தை உண்மையானதாகப் பயன்படுத்துவது 459 ஆம் பிரிவிலும் குற்றம். முறைப்பாடு கொடுத்தால், பிறகு "அப்பாதானே, விட்டுவிடுங்கள்" என்று நீங்கள் நினைத்தபடி நிறுத்த முடியாமல் போகலாம். அதேநேரம், பெரிய தொகைக்கான கடன் பத்திரத்தில் போலிக் கையொப்பம் இருந்தால், முறைப்பாடு இல்லாமல் வங்கி உங்கள் மறுப்பை ஏற்பது அரிது. நடுவழி ஒன்று இருக்கிறது: யார் போட்டது என்று குற்றஞ்சாட்டாமல், "இந்தப் பத்திரத்தில் உள்ளது என் கையொப்பமல்ல" என்று மட்டும் வங்கிக்குத் திகதியோடு எழுத்தில் மறுப்புக் கொடுப்பது. மௌனம் என்ற குற்றச்சாட்டிலிருந்து அது காக்கும்; முறைப்பாடு பற்றி யோசிக்க அவகாசமும் தரும். இந்தக் கடிதத்தைச் சட்டத்தரணி எழுதட்டும்.

இதற்கிடையில் அப்பாவின் பணத்தில் உங்கள் பெயரில் வாங்கிய காணியோ வாகனமோ இருந்தால், அதை "என் பெயரில் இருப்பது எனக்கே" என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், அவசரமாக எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்தவருக்காக நீங்கள் அதை வைத்திருப்பதாக அவர் வாதிடலாம். கடன் நிலுவையில் இருக்கும்போது சொத்தை மாற்றினால், கடன்காரர் அதை ஏய்ப்பு என்று தாக்கலாம். கடன் பேச்சு முடியும்வரை அது அப்படியே இருக்கட்டும்.

வங்கியிலிருந்தோ சரக்குக் காரரிடமிருந்தோ "நிலுவையை உறுதிப்படுத்துங்கள்" என்று ஒரு தாள் வந்தால் உடனே கையொப்பமிடாதீர்கள். எழுத்து மூல ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 6 வருடம், எழுத்தில்லாததற்கு 3 வருடம், விற்ற சரக்கின் விலைக்கு 1 வருடம் என்று 1871 ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்தக் காலம் திரும்பவும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். முத்திரை பதித்த பிரதிகள், தபால் பற்றுச்சீட்டுகள், முடிவுறுத்தல் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில், அப்பாவின் கைக்கு எட்டாத இடத்தில், குறைந்தது ஆறு வருடம் வைத்திருங்கள்.